சந்தனத்துக்கு அடியில் ஒரு நம்பர்

பாண்டி,

மற்ற அப்பாக்கள் சௌக்கியம் விசாரித்துக் கடிதத்தைத் தொடங்குவார்கள். நீ சௌக்கியமாக இருப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. கொல்லையில் உட்கார்ந்து மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு, கூடவே ஏதோ பாட்டும் பாடிக்கொண்டிருக்கிறாய். திங்கட்கிழமை நீ அந்த வண்டியிலேயே உத்தியோகத்துக்குப் புறப்படும்போது இந்தக் காகிதம் உன் டிரங்குப் பெட்டியில் புதுக் காக்கிச் சட்டைகளுக்கு அடியில் இருக்கும். ராமநாதபுரத்தில் போய்ப் பெட்டியைத் திறக்கும்போது உன் கையில் கிடைக்கும். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற தகப்பன் இந்தப் பழங்காநத்தத்தில் நான் ஒருத்தன்தான் இருப்பேன். வாயாலேயே சொல்லிவிடலாம் என்று காலையில் கொல்லைப்பக்கம் வந்தேன். வந்தவன் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். மறுபடியும் வந்து, மழை வருமா என்று வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அப்போதுதான் நீ கேட்டாய். "ஏம்ப்பா, இந்த இன்ஜின் நம்பர் மேல குறுக்கால ஒரு கோடு கெடக்கே, இது என்னது?" பழைய வண்டி என்றால் நாலு கீறல் இருக்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். நீ இப்போது மோட்டார் இன்ஸ்பெக்டர். அடுத்தவன் வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து நம்பர் படிக்கத்தான் சர்க்கார் உனக்குச் சம்பளம் கொடுக்கப் போகிறது. கல் உரசிய கீறல் எது, அரம் பட்ட தடம் எது என்று உனக்குப் பயிற்சியில் காட்டிக் கொடுத்திருப்பார்கள். நான் சொன்ன பொய் இன்று சாயங்காலம் வரை தாங்கினாலே பெரிசு. அது அரம் பட்ட தடம்தான். அரத்தைப் பிடித்த கையும் என்னுடையதுதான். நீ போலீஸ் ஸ்டேஷனில் இருந்த அந்த ஒரு நாளில் இந்த வீட்டில் என்ன நடந்தது என்று உனக்கு நானும் சொன்னதில்லை, உன் அம்மாவும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக இல்லை. கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது, அதற்கு வேண்டிய தைரியத்தை எழுதி எழுதித்தான் நான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான் பயந்த மனுஷன் என்பது உனக்குப் புதிதில்லை. எதிரே பஸ் வந்தால் வண்டியை ரோட்டை விட்டு இறக்கி, இன்ஜினையும் நிறுத்திவிட்டு நிற்கிற ஆள். "உங்கப்பா கனாவுல கூட ஹாரன் அடிச்சுக்கிட்டுத்தான் போவாரு" என்று உன் அம்மா சொல்லுவாள். ஜின்னிங் பாக்டரிக்குப் பருத்தி பார்த்துக் கொடுக்கிற வேலை எனக்கு வாய்த்திராவிட்டால் மோட்டார் சைக்கிள் பக்கமே போயிருக்க மாட்டேன். கரிசல்காட்டு ஊர்களுக்கெல்லாம் வில்வண்டியில் போய் வருவதற்குள் மற்றத் தரகர்கள் முந்திக்கொண்டார்கள். அதனால்தான் சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து இந்த வண்டியை வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்து அதன் மேல் எனக்கு மரியாதை உண்டே தவிரப் பிரியம் வந்ததில்லை. பிரியம் எல்லாம் உனக்குத்தான். நாகமலை புதுக்கோட்டை ரோட்டில் உனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தபோது நீ ஓட்டினாய், நான் பின்னாலேயே செருப்பு அறுந்து போகிற அளவுக்கு ஓடிவந்தேன். வண்டி விழுந்தால் பிடித்துவிடலாம் என்ற நினைப்பு. அம்புட்டு இரும்பை நான் எங்கே பிடிக்க?

அதே ரோட்டில்தான் பழைய இன்ஜின் போயிற்று. யுத்தம் நடந்த காலம், பெட்ரோலுக்குக் கூப்பன். கூப்பனை மிச்சம் பிடித்து வைத்து, பருத்தி சீசனில் மட்டும்தான் வண்டியை எடுப்போம். அன்று உச்சி வெயிலில் நீ ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். காலுக்கடியில் வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் உள்ளே இருக்க வேண்டிய ராடு இன்ஜினின் அடிப்பெட்டியை உடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது, எண்ணெய் ரோடெல்லாம் கொட்டிக் கிடந்தது. நான் பனைமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். நீ சிரித்தாய். "விடுங்கப்பா, உசுரா போச்சு? இன்ஜின்தான போச்சு" என்றாய். வீடுவரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தோம். மெக்கானிக் காதர் பாய் பார்த்துவிட்டு, "இது மய்யத்துதான் மொதலாளி, இனி உசுரு வராது. வேற இன்ஜின் கெடச்சா பாருங்க" என்று சொல்லிவிட்டார். யுத்த காலத்தில் வேற இன்ஜினுக்கு எங்கே போவது? வண்டி கொல்லையில் கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. எனக்கு உள்ளூர நிம்மதிதான்.

வெள்ளையனே வெளியேறு என்று அந்த ஆவணி மாதம் ஊர் கொதித்துக் கிடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை, என்னைவிட உனக்குத்தான் அதிகம் தெரியும். காலேஜ் அடைத்துவிட்டார்கள். தந்திக் கம்பி அறுபட்டது, தண்டவாளம் பெயர்ந்தது. நீ காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவாய். எங்கே போனாய் என்று கேட்டால் "ராமு வீட்டுக்கு" என்பாய், உன்னோடு காலேஜில் படித்த ராமு. ஒருநாள் சாயங்காலம் நீ வந்து கை கழுவும்போது பார்த்தேன். ரெண்டு உள்ளங்கையிலும் தோல் வழன்று, ரத்தம் கட்டிச் சிவந்திருந்தது. "கெணத்துல தண்ணி எறச்சேன்பா, கயிறு வழுக்கிருச்சு" என்றாய். உன் அம்மா தேங்காயெண்ணெய் போட்டுவிட்டாள். மறுநாள் காலையில் சேதி வந்தது. முந்தின நாள் சாயங்காலம் திருமங்கலம் ரோட்டில் ரெண்டு புளியமரத்துக்கு நடுவே கயிற்றை இழுத்துப் பிடித்து, பட்டாளத்துக்குத் தபால் கொண்டுபோன சிப்பாயை யாரோ விழத்தாட்டிவிட்டார்கள். அவன் கால் நொறுங்கிக் கிடந்தான், அவனுடைய மோட்டார் சைக்கிளைக் காணவில்லை.

சேதியைக் கேட்டதும் நான் உன் கையைப் பார்த்தேன். நீ தட்டை எடுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாய். அன்றைக்கு உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஒரு வாரம் போயிருக்கும். அடுப்பெரிக்கிற காய்ந்த பருத்திமார் ஏற்றிய ஒரு மாட்டு வண்டி நம் கொல்லைக்கு வந்தது. நீ மாரைத் தள்ளினாய், அடியில் ஒரு மோட்டார் சைக்கிள் இன்ஜின். "எதுடா இது?" என்றேன். "ராமு கொடுத்தான்ப்பா. அவங்க சொந்தக்காரர் வீட்டுல சும்மா கெடந்துச்சாம்" என்றாய். சும்மா கிடந்த இன்ஜினுக்கு எதற்கடா பருத்திமார் மூட்டம் என்று கேட்க நாக்கு வரை வந்தது. நீயோ இன்ஜினைத் தடவித் தடவிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். காதர் பாய் வந்து பூட்டினார். நம்பர் அடித்திருக்கும் தட்டையான இடம் முழுக்கப் பழைய சந்தனமும் குங்குமமும் சூட்டில் காய்ந்து காரை மாதிரி இறுகிக் கிடந்தது. "இதச் சொரண்டி நம்பரப் பாத்து, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போயி மாத்தி எழுதிக்கிருங்க மொதலாளி. காலம் சரியில்ல" என்றார் பாய். ஆகட்டும் என்றேன். சுரண்டவில்லை. சுரண்டினால் ஒரு நம்பர் தெரியும், அது யாருடைய நம்பராக இருக்குமோ என்று பயம்.

காணாமல் போன வண்டியைத் தேடி, ஜில்லாவில் இருக்கும் மோட்டார் சைக்கிள் அத்தனையும் பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. நம் வீட்டுக்கு ஏட்டையா வந்தது உனக்கு நினைவிருக்கும். ரிஜிஸ்டர் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்ஜினைப் பார்த்தார். "வேற இன்ஜினால்ல இருக்கு. நம்பர் எங்கன?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முன்னால் வந்து, "நான்தான் வாங்கிட்டு வந்தேன்" என்றாய். யாரிடம் என்றார். ராமு என்றாய். அந்த ராமு தலைமறைவாகி நாலு நாளாயிற்று என்று ஏட்டையாவுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. அவர் குரலே மாறிப் போயிற்று. "தம்பி சும்மா ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டு வரட்டும். வண்டிய யாரும் தொடப்படாது. நாளைக்குக் காலையில மோட்டார் இன்ஸ்பெக்டர் வந்து நம்பரப் பாப்பாரு. பட்டாளத்து நம்பரா இருந்துச்சுன்னா அப்புறம் என் கையில ஒண்ணுமில்ல" என்றார். நீ சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தாய். தெருமுனையில் திரும்பி என்னைப் பார்த்தாய். சிரிக்கவில்லை. அந்த முகத்தை நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இனிமேல் நடந்தது உனக்குத் தெரியாதது. நீ போனபிறகு நான் கொல்லைக்கு வந்து வண்டியின் முன்னால் உட்கார்ந்தேன். உன் அம்மா அழுதுகொண்டு சாமி அறையில் இருந்தாள். என் கண்ணில் அந்தச் சிப்பாயும், உன் உள்ளங்கையும், பருத்திமாரும் மாறி மாறி வந்தன. தூக்கில் போடுவார்களா, அந்தமானுக்கு அனுப்புவார்களா, வெளியே விடாமல் ஸ்டேஷனிலேயே முடித்துவிடுவார்களா என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாக நினைப்பு. அந்த நம்பரைப் பட்டாளத்து நம்பர் என்றே நான் முடிவு செய்துவிட்டேன். ஒரு எழுத்தைக்கூடப் படித்துப் பார்க்காமல் முடிவு செய்துவிட்டேன். நம்பர் இருந்தால்தானே படிப்பான்? நம்பரே இல்லாவிட்டால்? கலப்பைக்கொழு தீட்டுகிற அரம் ஒன்று பரணில் கிடந்தது. எடுத்து வந்தேன். கையெல்லாம் வியர்த்து அரம் நழுவியது, வேட்டியில் துடைத்துக்கொண்டேன். சந்தனக் காரையின் ஓரத்தில் வலதுபக்கமாக வைத்து ஓர் இழுப்பு இழுத்தேன். காரை பெயர்ந்து, அடியில் வெள்ளையாக உலோகம் தெரிந்தது. அதிலும் ஒரு கோடு விழுந்தது.

இரண்டாவது இழுப்புக்கு ஓங்கும்போது உன் அம்மா வந்து நம்பர் மேல் உள்ளங்கையை வைத்து மூடிவிட்டாள். அரம் அவள் விரலில் பட்டு ரத்தம் வந்தது. கையை எடுக்கவில்லை.

"என்ன செய்றீக?"

"கைய எடு. அவன் பொழைக்கணும்னா இது இருக்கப்படாது."

"மொதல்ல படிச்சுப் பாத்தீகளா?"

"படிச்சா தெரிஞ்சு போயிருமே!"

"தெரியட்டும். எம்புள்ள திருடுனானா இல்லையான்னு எனக்குத் தெரியணும். ஒங்களுக்கு வேணாமா?"

எனக்கு வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன், பாண்டி. உண்மை அதுதான். நீ குற்றவாளி என்று தெரிந்துவிடுவதற்குப் பயந்து, நீ குற்றவாளி இல்லை என்று தெரிந்துகொள்ளும் வழியையும் சேர்த்து அடைக்கப் பார்த்தேன். அவள் அரத்தைப் பிடுங்கிக் கிணற்றடியில் எறிந்துவிட்டு வந்து குந்தினாள். சந்தனக் காரையை நகத்தால் நெம்பினாள். அது செதில் செதிலாக வந்தது. ஒரு செதிலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மஞ்சள், சிவப்பு, கரி, திரும்ப மஞ்சள், திரும்பச் சிவப்பு என்று அடுக்கடுக்காக இருந்தது. "இங்கன பாருங்க. இது ஒரு வருசத்துப் பொட்டா? ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் யாரோ வச்சுருக்கா. பட்டாளத்துக்காரன் வண்டிக்கு யாரு பொட்டு வச்சது?" என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் காரை முழுக்கப் பெயர்ந்தபோது அது நின்றுபோயிற்று. அடியில் நம்பர் இல்லை. வழவழவென்று, சின்னச் சின்னப் பள்ளமாகத் தேய்ந்து, ஏதோ இருந்த அடையாளம் மட்டும்தான் இருந்தது. என் அரம் ஓரத்தில் ஒரு கோடுதான் போட்டிருந்தது. மற்ற இடமெல்லாம் யாரோ முன்னாலேயே அழித்து வைத்த மாதிரி இருந்தது. திருடன்தானே அழிப்பான்?

உன் அம்மா அதை விரலால் தடவினாள். எழுந்து போய்ச் சாமி அறையிலிருந்து அவள் பூசை விளக்கைக் கொண்டு வந்தாள். அதன் அடித்தண்டில் அவள் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கும், உனக்குத் தெரியும், இப்போது பாதி எழுத்து தெரியாது. "தேய்ச்சுத் தேய்ச்சு இப்பிடி ஆயிருச்சு. இதுவும் அதே தேய்மானந்தான். வண்டி புதுசுல வாராவாரம் புளியும் சாம்பலும் போட்டு வெளக்கியிருக்கா எவளோ, வெங்கலப் பானைய வெளக்குற மாதிரி. பொட்டு மேல பொட்டு வச்சதெல்லாம் அப்பறந்தான்" என்றாள். நான் நம்ப முயற்சி செய்தேன். ஆனால் புளி தேய்த்ததாம் என்று சொன்னால் இன்ஸ்பெக்டர் நம்புவாரா? அதுவும் பக்கத்திலேயே என் அரக்கோடு பளபளவென்று புதிதாகக் கிடக்கும்போது? அன்றைய பகல் எப்படிப் போயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஸ்டேஷனுக்குச் சோறு கொண்டுபோனேன், வாங்கி வைத்துக்கொண்டார்கள், உன்னைக் காட்டவில்லை.

மறுநாள் காலையில் வந்த இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனுஷர். பேச்சு நம் பக்கத்துப் பேச்சு இல்லை. ஏட்டையா நாற்காலி போட்டதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கைக்குட்டையை மண்ணில் விரித்து அதில் ஒரு முழங்காலை ஊன்றி இன்ஜினைப் பார்த்தார். பார்த்தவர் முதலில் கேட்டதே, "இதை அரத்தால் ராவியது யார்?" என்றுதான். எனக்குத் தெரியாது என்று சொல்லத்தான் தயாராக இருந்தேன். ஏட்டையா என்னைப் பார்த்தார். தெரியாது என்று நான் சொன்னால் அடுத்த கேள்வி ஸ்டேஷனில் உன்னிடம் போகும் என்று அந்தப் பார்வையிலேயே புரிந்துவிட்டது. "நான்தாங்கய்யா. நேத்து மத்தியானம்" என்றேன். ஏன் என்றார். "பயம்ங்கய்யா" என்றேன். வேறு என்ன சொல்ல? சுவரைப் பிடித்துக்கொண்டேன். வாசல்படிக்கு உள்ளே நின்றபடி உன் அம்மா சந்தனச் செதிலைக் காட்டி, புளியின் கதையைச் சொன்னாள். அவர் சிரிக்கவுமில்லை, தலையாட்டவுமில்லை. "இருக்கலாம். ஆனால் எனக்கு நம்பர் வேண்டும். பள்ளத்தில் இறங்குகிற மாதிரி ஏதாவது மை இருந்தால் கொண்டு வாருங்கள்" என்றார்.

வீட்டில் உன் பேனா மை தீர்ந்து போயிருந்தது. உன் அம்மா கையில் அகப்பட்டது குங்குமச் சிமிழ்தான். விளக்கெண்ணெயில் குழைத்துக் கொண்டு வந்தாள். அவர் ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டு, விரலால் எடுத்து நம்பர் இடத்தில் அப்பி அழுத்தித் தேய்த்தார். பிறகு துணியை இழுத்துப் பிடித்து மேலோட்டமாக ஒரு துடைப்புத் துடைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, தேய்ந்த உலோகத்தில் மயிரிழை மயிரிழையாகச் சிவப்பு நின்றது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் எழுத்து. அவர் தன் பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். "முதல் எழுத்து வருஷம். யுத்தத்துக்கு ரெண்டு வருஷம் முந்தியது. பட்டாளத்துக்கென்று செய்த வண்டியின் நம்பருக்கு முன்னால் வேறு எழுத்து ஒன்று வரும், இதில் அது இல்லை, இருந்த தடமும் இல்லை. இது நாங்கள் தேடுகிற இன்ஜின் இல்லை, ஏட்டு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உன் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நான் சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதேன்.

அவர் எழுதிக்கொண்டே கடைசி இலக்கத்தில் நின்றார். அதன் மேல்தான் என் அரக்கோடு போகிறது. மூன்றா எட்டா என்று கடைசி வரை தெரியவில்லை. இரண்டையும் எழுதிக்கொண்டார். போகும்போது என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "பயந்து அழிக்கிறவனும், திருடிவிட்டு அழிக்கிறவனும் அரத்தை ஒரே மாதிரிதான் பிடிக்கிறார்கள். எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை. உங்கள் நல்ல காலம், வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்தீர்கள்." வலது கைக்காரன், அதனால் வலதுபக்கம் ஆரம்பித்தேன். இடதுபக்கம் வைத்திருந்தால் அந்த முதல் எழுத்து போயிருக்கும். நீயும் போயிருப்பாய். உன்னைக் காப்பாற்றப் போன என் கையே உன்னைக் கொண்டுபோய் விட்டிருக்கும். எத்தனையோ வருஷமாகியும் வலது கையால் சோற்றைப் பிசையும்போது சில நாள் எனக்கு அது ஞாபகம் வந்து சோறு இறங்காமல் போகும்.

அந்த இன்ஜின் ராமுவின் செத்துப்போன சித்தப்பாவுடையது என்பதும், அவன் சித்திதான் புதிதில் வாராவாரம் அதைப் புளி போட்டு விளக்கி, பிறகு வருஷா வருஷம் பொட்டு வைத்தவள் என்பதும், இரும்புக்குத் தட்டுப்பாடான காலத்தில் வழியில் எவனாவது பிடுங்கிவிடுவான் என்றுதான் நீங்கள் பருத்திமாரை மூடிக் கொண்டுவந்தீர்கள் என்பதும் பிறகு தெரிந்தது. அடுத்த கோடையில் திருமங்கலம் பக்கம் ஒரு கிணறு வற்றியபோது பட்டாளத்து வண்டி முழுசாக அகப்பட்டது. எல்லாம் தெளிந்துவிட்டது என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள்.

நீ போகிற வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்தது இம்புட்டுத்தான். நீ ஒருத்தன் வண்டி முன்னால் குனியும்போது உன் முதுகுக்குப் பின்னால் ஒரு தகப்பனோ பெண்டாட்டியோ சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கு நாக்கு குழறும், பொய் சொல்வார்கள், முட்டாள்தனமாக எதையாவது அழித்தும் வைத்திருப்பார்கள். அதைக் கண்டவுடன் புத்தகத்தை மூடிவிடாதே. முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, எழுத்து தெரியும் வரைக்கும் பார். அந்த மனுஷர் அவசரப்பட்டிருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இனி நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். நீ ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்த அன்று உன் அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தாள். நீ சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாய். தூங்கும்போது உன் கை விரிந்து கிடந்தது. புண் ஆறி, குறுக்கே ஒரு தழும்பு மட்டும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வாரமே ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தச் சிப்பாயைப் பார்த்தேன். ஜின்னிங் பாக்டரி ஆள் ஒருத்தனைப் பார்க்க வந்ததாக வாசலில் பொய் சொன்னேன். வடக்கத்திப் பையன், உன் வயசுதான் இருக்கும், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. ஒரு காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். சாத்துக்குடிப் பழத்தைப் பக்கத்தில் வைத்தேன். அவன் சிரித்துக்கொண்டே ஏதோ ஹிந்துஸ்தானியில் சொன்னான். என்ன சொல்கிறான் என்று வார்டு ஆளைக் கேட்டேன். "மோட்டார் சைக்கிள் ஓட்டலாம்னுதான் பட்டாளத்துல சேந்தானாம். வண்டின்னா உசுராம்" என்றார். நான் வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சுவரோரம் வாந்தி எடுத்தேன்.

அந்த நம்பர் இன்ஜினைப் பற்றிச் சொன்னது. அன்று சாயங்காலம் நீ எங்கே இருந்தாய் என்று அதற்கு எப்படித் தெரியும்? கிணற்றில் வழுக்கிய கயிறும் கையை அப்படித்தான் அறுக்கும், ஓடிவரும் வண்டியில் மாட்டிய கயிறும் அப்படித்தான் அறுக்கும். உன் அம்மாவும் இதை உன்னிடம் கேட்டதில்லை. இன்ஜின் நம்பரைப் படிக்கச் சொல்லி என் கையைத் தடுத்தவள்தான், ஆனால் உன் உள்ளங்கைக்கு எண்ணெய் போடும்போது அவளும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். இப்போது சுதந்திரம் வந்துவிட்டது. அந்த நாட்களில் கம்பி அறுத்தவர்களுக்கு மேடையில் மாலை போடுகிறார்கள். நீ ஆமாம் என்றால் ஊர் உன்னைக் கொண்டாடும். எனக்குப் பயம் ஊரைப் பற்றியோ போலீசைப் பற்றியோ இல்லை. அந்தப் பையன் சாத்துக்குடியை உரித்து, ஒரு சுளையை முதலில் எனக்குக் கொடுத்தான். நான் வாங்கித் தின்றேன். அவன் காலை எடுத்தவனுடைய அப்பனாக வாங்கித் தின்றேனா, இல்லையா என்பது எனக்குத் தெரியாமலேயே போய்விடுமோ என்றுதான் பயம்.

அந்தக் கயிற்றின் ஒரு முனை உன் கையில் இருந்ததா, பாண்டி?

பதிலைக் கடிதத்தில் எழுதாதே. முதல் லீவு கிடைத்ததும் வண்டியிலேயே வா. மெதுவாக வா, எதிரே பஸ் வந்தால் ரோட்டை விட்டு இறங்கி நில். ரயில்வே கேட் தாண்டும்போதே சத்தத்தை வைத்து நீதான் என்று கண்டுபிடித்துவிடுவேன், வாசலுக்கு வந்து நிற்பேன். நடுங்கிக்கொண்டுதான் நிற்பேன். நீ என்ன சொன்னாலும் இந்தத் தரம் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன்.

உன் அப்பா